டொத்தோரேயின் விரலும் என் கடைசி உதையும்

எந்த வேலையையும் உறவினருக்கு விளங்கப்படுத்திவிடலாம். என் சித்தப்பா மகன் கனடாவில் கணினிக்குள் என்னவோ செய்கிறான். என்னவென்று ஒருவருக்கும் தெரியாது, ஆனாலும் எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டுகிறார்கள். நான் இரண்டாயிரத்துப் பத்துகளில் பலெர்மோவில் செய்த வேலையை மட்டும் இன்றுவரை ஒரு தமிழனுக்கும் விளங்கப்படுத்த முடியவில்லை. முயன்று முயன்று எனக்குத்தான் தலையிடி வந்தது.

"தம்பி அங்கை என்ன செய்யிறீர்?"

"பந்து உதைக்கிறன்."

"ஓ, ஃபுட்போல்!"

"இல்லை, அமெரிக்கன் ஃபுட்போல்."

"அது கையாலை தூக்கிக்கொண்டு ஓடுறதல்லோ?"

"ஓம். மற்றவை தூக்கிக்கொண்டு ஓடுவினம். நான் உதைக்கிறது மட்டும்."

"அப்ப மிச்ச நேரம்?"

"கரையிலை வாங்குப் பலகையிலை இருப்பன்."

இந்த இடத்தில் கேட்டவர் என்னை இரக்கத்தோடு பார்ப்பார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வேறை ஒண்டும் அம்பிடேல்லையோ?" என்பார்.

சரி, ஒரேயொரு தரம் விளக்குகிறேன். இனி யாரும் கேட்கக்கூடாது. இந்த விளையாட்டில் மாடு மாதிரி வளர்ந்த ஆட்கள் மணிக்கணக்காக ஒருவரையொருவர் இடித்து விழுத்துவார்கள். ஒரு கட்டத்தில் எல்லோரும் களைத்துப்போக, வியர்வையே படாத ஒருவன் வாங்கில் இருந்து எழும்பி வருவான். இரண்டு உயரக் கம்பங்களுக்கு நடுவால் பந்தை ஓர் உதை உதைத்துவிட்டுத் திரும்பவும் போய் இருப்பான். சமையல் முழுக்க மற்றவர்கள் செய்ய, கடைசியில் வந்து உப்புப் போடுகிறவன் போல. கறி நல்லாயிருந்தால் சமைத்தவனுக்குப் புகழ், உப்புக் கூடினால் எனக்கு ஏச்சு. இதுதான் என் உத்தியோகம். (இன்னொன்று: அந்தப் பந்து முட்டை வடிவம், தானாக நிற்காது. ஒருவர் முழங்காலை ஊன்றியிருந்து அதன் உச்சியில் ஒரு விரலை வைத்துப் பிடிக்கவேண்டும். அந்த விரலை மறந்துவிடாதீர்கள்.)

இதற்குள் நான் எப்படிப் போய் விழுந்தேன் என்பதுதான் இன்னும் எரிச்சல். நான் ஒரு பல் வைத்தியர் வீட்டில் வேலை செய்தேன். ஊரே அவரை டொத்தோரே என்று கூப்பிடும், நானும் அப்படித்தான். அவருடைய வயதான அம்மா சிஞ்ஞோராவைப் பார்ப்பது, சமைப்பது, தரை துடைப்பது எல்லாம் என் பொறுப்பு. குளிர் முடியும் காலத்தில் சியாகுல்லியில் இருந்த அவர்களுடைய மந்தரீன் ஆரஞ்சுத் தோட்டத்துக்கும் கூட்டிப்போவார்கள். அங்கே கீழே விழுந்து அழுகிய பழங்களை நான் குனிந்து குனிந்து பொறுக்கவேண்டும். ஒருநாள் முதுகு விட்டுப்போனதில் எனக்கு விசர் வந்து, ஒவ்வொரு பழத்தையும் உதைத்து மதிலுக்கு அப்பால் அனுப்பத் தொடங்கினேன். (அப்பால் பக்கத்துத் தோட்டம். அது அவர்கள் பாடு.) பழங்கள் வரிசையாக இரண்டு மரங்களுக்கு நடுவால் பறந்து போயின. திரும்பிப் பார்த்தால் மேல்மாடி யன்னலில் டொத்தோரே நிற்கிறார்.

வேலை போச்சு என்று நினைத்தேன். அவர் படியிறங்கி ஓடிவந்து, என் முன்னால் குந்தி, சேறு பட்ட என் வலது காலைக் கையில் எடுத்து நோயாளியின் பல்லைப் பார்ப்பது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதலாளி என் காலைத் தொடுகிறாரே என்று எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போய்விட்டது. அவருக்கோ கண்ணில் நீர். டொத்தோரே இளமையில் நண்பர்களோடு சேர்ந்து அமெரிக்கன் ஃபுட்போல் அணி ஒன்றைத் தொடங்கியவர். இப்போது வயிறு வைத்து, ஓட்டம் நின்று, முழங்காலில் இருந்து பந்தைப் பிடிக்கும் வேலை மட்டும் அவருக்கு மிஞ்சியிருந்தது. பிடித்த பந்தை உதைக்கத்தான் அவரிடம் ஆள் இல்லை.

இப்படித் தொடங்கியதுதான் என் ஊர்சுற்றி வாழ்க்கை. முதல் பருவத்தில் டொத்தோரேயின் அணி. மழையில் சில உதைகள் தவறியதும் கோச் என்னை அணியிலிருந்து நீக்கிவிட்டார். சிசிலித் தீவின் அடுத்த கரையில் ஓர் அணி என்னை இரவல் வாங்கியது, அவர்களுடைய உதைகாரனுக்குக் கலியாணமாம். அவன் தேனிலவு முடிந்து வந்ததும் என்னைப் பார்சல் கட்டித் திருப்பி அனுப்பினார்கள். பிறகு மேற்குப் பக்கத்தில் ஓர் அணி. அது பருவம் முடிய முன்னரே ஆளுக்காள் சண்டை பிடித்துக் கலைந்துபோனது. அவர்கள் தந்த ஹெல்மெற் மட்டும் என்னோடு வந்துவிட்டது. (பலெர்மோவிலேயே இருந்த என் அக்கா அதற்குள் கொஞ்சக் காலம் வெங்காயம் வைத்திருந்தா.) சம்பளம் என்றால் பஸ் செலவும், ஆட்டம் முடிய ஒரு பாணும். அந்தப் பாணுக்குள் மாட்டு மண்ணீரலை வைத்துத் தருவார்கள். நான் மாடு தின்பதில்லை என்று எத்தனை தரம் சொன்னாலும், "இது மாடில்லை, மண்ணீரல்" என்பார்கள். கடைசியில் ஆள் கிடைக்காமல் டொத்தோரேயின் அணியே என்னைத் திரும்பவும் எடுத்தது.

அந்த நேரம் பார்த்து எனக்குக் கலியாண ஆசை வந்தது.

பல்லரோச் சந்தைக்குப் பக்கத்தில் எங்கள் ஆட்களின் பலசரக்குக் கடையொன்று இருந்தது. காசு வாங்கும் மேசையில் மைதிலி இருப்பாள். அவளைப் பார்ப்பதற்காக நான் வாங்கிய மிளகாய்த்தூள் டொத்தோரே வீட்டு அலுமாரியை நிரப்பி, அதைத் திறக்கும்போதெல்லாம் சிஞ்ஞோரா தும்மிக்கொண்டிருந்தா. மைதிலி ஒருநாள் மீதிச் சில்லறையைத் தந்துகொண்டே, "நீங்கள் மிளகாய்த்தூளிலை குளிக்கிறனீங்களோ?" என்று கேட்டாள். அவள் என்னோடு கதைத்த முதல் வசனம் அது. நான் உடனே அக்காவிடம் போய், பெண் கேட்கச் சொன்னேன்.

அக்காவிடம் சொன்னது பிழையில்லை. தன் புருஷன் இராசன் அத்தானிடம் அக்கா சொன்னதுதான் பிழை. அத்தான் பொய் சொல்லமாட்டார், உண்மையை ஊதிப் பெருப்பிப்பார். மைதிலியின் தகப்பன் கனகரிடம் போய்ப் பேசிவிட்டு வந்து, சிரிப்போடு நின்றார்.

"எல்லாம் கதைச்சாச்சு. மாப்பிள்ளை புரொஃபெஷனல் விளையாட்டு வீரர் எண்டு சொல்லிப்போட்டன்."

"ஐயோ அத்தான்! நான் வீட்டு வேலை எண்டு சொல்லியிருக்கலாமே!"

"விசரா, இஞ்சை ஆர் வீட்டு வேலை செய்யேல்லை? கனகரும் வீட்டு வேலைதான். உன்ரை உதைதான் எடுப்பு. மனுசன் அப்பிடியே வாயடைச்சுப்போனார்."

"பிறகு?"

"நேரை வந்து பாக்கப்போறாராம். ஞாயிற்றுக்கிழமை."

அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கனகர் ஓம் என்றால்தான் மைதிலி. கனகர் ஓம் சொல்லப்போவதோ, நான் பந்தை உதைக்கும் அழகைப் பார்த்து.

ஞாயிறு வந்தது. கனகர் கோயில் திருவிழாவுக்குப் போகிறவர் போல வெள்ளை சேட்டும் குடையுமாக வந்து, எங்கள் வாங்குக்கு நேர் பின்னால், கம்பி வேலியோரமாக இருந்தார். ஒரு பக்கம் அத்தான், மறுபக்கம் மைதிலி. கனகரின் மடியில் ஒரு பெரிய டப்பா நிறைய, கிழங்கு வைத்துப் பொரித்த பற்றிஸ். ஆட்டம் தொடங்கியது. ஆட்கள் இடித்தார்கள், விழுந்தார்கள். நான் வாங்கில் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் வேலிக்குப் பின்னால் இருந்து குரல் வந்தது.

"தம்பி, உங்களை ஏன் விளையாட விடினமில்லை?"

"நேரம் வரேல்லை ஐயா."

"எப்ப வரும்?"

"தெரியாது ஐயா."

"உந்த அடிபிடிகாரரை எல்லாம் விளையாட விட்டுப்போட்டு, ஒரு நல்ல பிள்ளையை இருத்தி வைச்சிருக்கிறாங்கள்" என்று கனகர் அத்தானிடம் குறைப்பட்டார். அத்தானுக்கு விளையாட்டின் ஒரு விதியும் தெரியாது. "அண்ணை, இவர்தான் முக்கியமான ஆள். வலு கவனமா வைச்சிருந்து கடைசியாத்தான் இறக்குவினம்" என்று அடித்துவிட்டார். எனக்கு அவரை வேலியோடு சேர்த்துக் கட்டவேண்டும் போலிருந்தது.

அதோடு விட்டாரா கனகர்? வேலிக்கு மேலால் பற்றிஸ் வந்தது. "சாப்பிடுங்கோ தம்பி, வெறுவயித்தோடை உதைக்கக்கூடாது." வருங்கால மாமனார் தருவதை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? ஹெல்மெற்றின் முன்கம்பிக்குள்ளால் பற்றிஸ் போகாது. தாடைப் பட்டியைக் கழற்றி, ஹெல்மெற்றை எடுத்து மடியில் வைத்துவிட்டுச் சாப்பிட்டேன். கோச் கண்டுவிட்டார். அவர் சிசிலிப் பாஷையில் என்னையும், என் முன்னோரையும், பற்றிஸ் சுட்ட கையையும் சேர்த்துத் திட்டினார். "என்னவாம் அவர்?" என்று கனகர் கேட்டார். "அவருக்கும் ஒண்டு வேணுமாம்" என்றார் அத்தான். கனகர் உடனே கோச்சுக்கும் ஒன்று நீட்டினார். கோச் வாங்கவில்லை. டொத்தோரே இரண்டு எடுத்தார்.

ஆட்டம் முடியச் சில நொடிகள் இருக்கும்போதுதான் என்னை இறக்கினார்கள். நாங்கள் இரண்டு புள்ளி பின்னால். என் உதை சரியாகப் போனால் மூன்று புள்ளி, வெற்றி எங்களுக்கு. தூரமும் பெரிதாக இல்லை, சியாகுல்லி மதிலைவிடக் கிட்டத்தான். அந்தத் தோட்டத்தில் நூறு மந்தரீன் போன தூரம். டொத்தோரே முழங்காலில் இருந்து, "சுதன், தலையைக் குனி. பந்தை மட்டும் பார்" என்றார். உதைகாரனுக்கு உலகத்தில் இருக்கும் ஒரே விதி அதுதான். நான் தலையைக் குனிந்தேன்.

முன்னால் இருந்தவன் கால்களுக்கு நடுவால் பந்தைப் பின்னுக்கு எறிந்தான். டொத்தோரே பிடித்தார், நிறுத்தினார், விரலை வைத்தார். நான் ஓடினேன். என் கால் பின்னுக்கு எழும்பிய அந்த நேரத்தில், மைதானம் முழுக்கக் கேட்கக் கனகர் கத்தினார்:

"தம்பீ!"

எங்கள் ஊரில் ஒரு பெரியவர் கூப்பிட்டால் நிமிர்ந்து பார்க்காமல் இருக்க முடியுமா? அதுவும் பெண்ணைத் தரப்போகிற பெரியவர்? நான் நிமிர்ந்து பார்த்தேன். கனகர் குடையை உயர்த்தி ஆட்டிக்கொண்டு நின்றார், ஆசீர்வாதமாக இருக்கவேண்டும். என் காலில் ஏதோ பட்டது. பட்டது பந்து இல்லை. டொத்தோரேயின் கை.

அடுத்து நடந்ததற்கு நான் பொறுப்பில்லை. என் கால் யார்மேலாவது பட்டால் என் கை தானாகப் போகும். தொடும், கண்ணில் ஒற்றும். நடக்கப் பழகிய நாளிலிருந்து அப்படி. பஸ்ஸில் முன்பின் தெரியாதவனின் சப்பாத்தில் கால் பட்டாலே குனிகிறவன் நான். இது என் முதலாளி, வயதில் மூத்தவர், எனக்குச் சோறு போடுகிறவர். குனிந்து அவர் தோளைத் தொட்டேன். கையைக் கண்ணுக்குக் கொண்டுபோனேன். விரல்கள் ஹெல்மெற்றின் முன்கம்பியில் போய் இடித்தன. கண்ணில் படவில்லை. கண்ணில் படாவிட்டால் அது கும்பிட்டதாகுமா?

பட்டியைக் கழற்றினேன். ஹெல்மெற்றை எடுத்துப் பக்குவமாகப் புல்லில் வைத்தேன். திரும்பவும் தோளைத் தொட்டேன்.

"லா பல்லா! லா பல்லா!" என்று டொத்தோரே கத்தினார். பந்து, பந்து என்று அர்த்தம். எனக்கும் விளங்கியது. ஆனால் தொடங்கிய கும்பிடை அரைவாசியில் விட முடியுமா? "மன்னிக்கோணும் டொத்தோரே, மன்னிக்கோணும்" என்று இரண்டு கண்ணிலும் ஒற்றினேன். அவர் கத்தக் கத்த, நோவில் கத்துகிறாராக்கும் என்று இன்னும் ஒருதரம் ஒற்றினேன்.

பந்து எங்களுக்கு முன்னால் சும்மா உருண்டுகொண்டு கிடந்தது. எதிரணியில் அலுமாரி மாதிரி ஒருத்தன் வந்து அதைத் தூக்கினான். அவனுக்கும் எங்கள் எல்லைக்கும் இடையில் மறிக்க ஒரேயோர் ஆள்தான் இருந்தது. அந்த ஆள் நான். அவன் என்னை உரசிக்கொண்டு ஓடும்போது நான் கண்ணை மூடியிருந்தேன். அவனுடைய கால் என் முதுகில் பட்டது. (அவன் கும்பிடவில்லை.) அவன் மைதானத்தின் அந்தலைக்கு ஓடிப்போய்ப் பந்தை வைத்தான். நடுவர், ஆட்டத்தின் நடுவில் ஹெல்மெற் கழற்றியதற்குத் தண்டனையாக என் காலடியில் ஒரு மஞ்சள் துணியையும் எறிந்தார்.

தோற்றது போதாதென்று கோச் தன் தொப்பியைக் கடித்துக்கொண்டு நின்றார். டொத்தோரேயின் ஆட்காட்டி விரல் வாழைக்காய் மாதிரி வீங்கிவிட்டது. அத்தானோ எல்லாவற்றையும் கைபேசியில் வீடியோ எடுத்திருந்தார்.

வாசலில் மூன்று பேரும் எனக்காகக் காத்து நின்றார்கள். கனகர் குடையை ஊன்றிக்கொண்டு, ஆறுதலாகக் கேட்டார்.

"தம்பி, உங்கடை வேலை உதைக்கிறது ஒண்டுதானே?"

"ஓம் ஐயா."

"இவ்வளவு நேரமும் இருத்தி வைச்சு, ஒருக்கா உதைக்க விட்டவங்கள்."

"ஓம் ஐயா."

"அதையும் ஆளுக்கு உதைச்சுப்போட்டுக் கும்பிட்டுக்கொண்டு நிக்கிறீங்கள்."

அத்தான் இடையில் விழுந்தார். "அண்ணை, அந்த மரியாதையைப் பாத்தீங்களே! உலகமே பந்துக்குப் பின்னாலை ஓட..."

"மரியாதை இருக்கட்டும் இராசன். பந்து எங்கை போச்சுது?"

மைதிலி மறுபக்கம் திரும்பி நின்றாள். அழுகிறாளாக்கும் என்று நினைத்தேன். பிறகுதான் கண்டேன், தோள் குலுங்கச் சிரிக்கிறாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு தகப்பனிடம் சொன்னாள்: "அப்பா, உவரின்ரை உண்மையான வேலை என்ன எண்டு கேளுங்கோ."

எனக்கு வந்ததே கோபம். பற்றிஸ், அத்தான், கோச், முட்டைப் பந்து எல்லாம் சேர்ந்து வாயால் வந்தது. "நான் ஒரு புரொஃபெஷனலும் இல்லை ஐயா! ஊர் ஊராக் கலைச்சு விட்டாங்கள். எனக்குத் தாறது தின்னேலாத ஒரு பாண். நான் வீட்டு வேலைகாரன். சமைக்கிறன், தரை துடைக்கிறன், ஒரு கிழவியைக் குளிக்க வாக்கிறன். உங்களுக்கு என்னைப் பிடிக்கேல்லை எண்டால் சொல்லிப்போட்டுப் போங்கோ, இனி ஆருக்கும் என்னாலை உந்த விளையாட்டை விளங்கப்படுத்தேலாது!"

கனகர் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"நிரந்தர வேலையோ?"

"ஓம்."

"கொன்ட்ராத்தோ, எழுத்திலை ஒப்பந்தம், இருக்கோ?"

"எல்லாம் இருக்கு."

கனகர் அத்தான் பக்கம் திரும்பினார். "எட இராசன்! இதை நீ முதலே சொல்லியிருக்கலாமே! விளையாட்டுக்காரனுக்கு எப்பிடி என்ரை பிள்ளையைக் குடுக்கிறது எண்டு, நீ வந்து போன நாளிலையிருந்து எனக்கு நித்திரை இல்லை. அவள் ஓமெண்டு நிண்டபடியாலைதான் உந்தக் கூத்தைப் பாக்கவே வந்தனான்."

மைதிலி நிலத்தைப் பார்த்தாள். கனகர் இப்போது முகம் மலர்ந்து, "நல்லது தம்பி, நல்லது. ஆற்றை வீட்டிலை வேலை?" என்று கேட்டார்.

நான் விரலை நீட்டிக் காட்டினேன். உடைமாற்றும் அறையின் படியில், ஐஸ் கட்டிப் பைக்குள் கையை வைத்துக்கொண்டு, டொத்தோரே முனகிக்கொண்டிருந்தார்.

"ஆர், நீங்கள் உதைச்சுப்போட்டுக் கும்பிட்ட ஆளோ?"

"ஓம் ஐயா."

கனகர் தலையில் கை வைத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, குடையை அத்தானிடம் கொடுத்துவிட்டு நேரே டொத்தோரேயிடம் நடந்தார். நாங்களும் பின்னால் போனோம். பல வருடம் இத்தாலியர் வீட்டில் வேலை செய்த மனுசன், மொழி நன்றாக வரும். "டொத்தோரே, மன்னிக்கவேண்டும். இந்தப் பிள்ளைக்கு நாளைக்கு வேலை இருக்கிறதா? என் மகளின் விஷயம்" என்று கேட்டார்.

டொத்தோரே முதலில் விரலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உதைகாரன் வேலை இன்றோடு முடிந்தது" என்றார். "நான் உயிரோடு இருக்கும்வரை, பந்து இருக்கிற ஊரில் இவன் இருக்கக்கூடாது. அதற்குப் பிறகும் கூடாது."

"வீட்டு வேலை?"

"வீட்டைவிட்டு இவனை நான் நிறுத்தினால் அம்மா என்னை நிறுத்திவிடுவா." வீங்கிய விரலைத் தூக்கிக் காட்டினார். "அதோடு நாளைக் காலை என் சேட்டுக்கு யார் பொத்தான் போடுவது? அவன்தான்!"

கனகர் திரும்பி என் தோளில் தட்டினார். என் வாழ்க்கையில் கம்பங்களுக்கு நடுவால் போன உதைகளில் ஒன்றுகூட அந்தத் தட்டுக்குக் கிட்ட வராது. கண் கலங்கிவிட்டது, சொல்ல எனக்கு வெட்கமில்லை.

விரல் ஆறும்வரை டொத்தோரே வைத்தியசாலையைத் திறக்கவில்லை. வீட்டில் இருந்து என் உயிரை வாங்கினார். பொத்தான் போட்டேன், மந்தரீன் உரித்துக் கொடுத்தேன், சவரம்கூடச் செய்துவிட்டேன். கலியாணத்துக்குக் கைக்கட்டோடு வந்து, ஆசீர்வாத அறுகரிசியை இடக்கையால் அள்ளிப் போட்டார். "இடக்கையாலை போடுறாரே" என்று கனகர் முணுமுணுத்தார். "வலக்கையை உதைச்சது ஆரப்பா?" என்று மைதிலி மணவறையில் இருந்தபடியே கேட்டாள். விரல் பிறகு சரிவந்தது, நுனி மட்டும் இன்றும் கொஞ்சம் சரிவாகத்தான் நிற்கிறது. கடைவாய்ப் பல்லுக்கு அது இப்போதுதான் வசதி என்று டொத்தோரே சொல்லுவார், என்னை மன்னித்த நாட்களில்.

அத்தானின் வீடியோ சாவகச்சேரி, சூரிச், ரொறன்ரோ என்று சுற்றி, என் பிள்ளைகள் பிறக்கும் முன்னரே அவர்களுக்காகக் காத்திருந்தது. மகனுக்கும் மகளுக்கும் தேவாரம் வருமோ தெரியாது, அந்த வீடியோ பாடம். வீட்டில் என் கால் யார்மேலாவது பட்டு நான் குனிந்தால் போதும், இரண்டும் அசல் பலெர்மோக் குரலில் "லா பல்லா, பப்பா! லா பல்லா!" என்று கத்திக்கொண்டு அந்தலைக்கு ஓடும்.

போன வருடப்பிறப்புக்கு மாமா வந்திருந்தார் (கனகர்தான், இப்போது எனக்கு மாமா). எல்லோரும் சாப்பிட இருந்தோம். மேசைக்குக் கீழே என் கால் அவருடைய காலில் பட்டுவிட்டது. கை தானாகப் போனது. பிள்ளைகள் கத்திக்கொண்டு எழும்பி ஓடின, மைதிலி சிரிப்பில் புரைக்கேறித் தண்ணீரைத் தேடினாள். இன்றுவரை அந்த விளையாட்டில் ஒரு விதியும் விளங்காத மாமா, வாயில் வடையோடு என்னைக் குனிந்து பார்த்தார்.

"தம்பி, முதலிலை பந்தைப் பிடியுங்கோ. என்ரை கால் எங்கையும் ஓடாது."